சேர்ந்தேன், சேர்த்தேன்: ‘ஜாயின்’ சரியாக வர அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி, இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் ‘டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்’ என்று கேட்பார்கள். பெயர், ஊர், படிப்பு எல்லாம் சொல்லி முடித்ததும் அடுத்து வாயில் வரும் வினைச்சொல் பெரும்பாலும் ‘ஜாயின்’தான். எந்த வருஷம் எங்கே சேர்ந்தாய், என்ன வேலையில் சேர்ந்தாய், இங்கே எப்போது சேர முடியும் என்று பேச்சு முழுக்க அதைச் சுற்றித்தான் நடக்கும். வேலை கிடைத்த பிறகும் அது உன்னை விடாது. மீட்டிங்கில் சேரணும், குரூப்பில் சேரணும், பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கணும்.

நான் பல பெண்களின் விண்ணப்பங்களையும் அறிமுகக் கடிதங்களையும் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். கணக்கில் கெட்டி, கம்ப்யூட்டரில் கெட்டி, பேசினால் விஷயம் தெளிவாக இருக்கும். ஆனால் முதல் பத்தியிலேயே ‘ஐ ஜாயின்டு இன் எ கம்பெனி’ என்று எழுதியிருப்பார்கள். படிக்கிறவர் அதை வைத்தே ஆளை எடை போட்டுவிட்டால் எனக்கு மனசு தாங்காது. இவ்வளவு திறமை இருக்கிற பெண்ணுக்கு ஒரு சின்னச் சொல் குறுக்கே நிற்கக் கூடாது. அதனால்தான் இந்த ஒரு வினைச்சொல்லை மட்டும் எடுத்து, எங்கெங்கே எப்படி வரும் என்று வரிசையாகச் சொல்கிறேன். ஒரு தடவை பொறுமையாகப் படி, பிறகு தடுமாற்றமே இருக்காது.

1. ஆளோ அமைப்போ வந்தால், நடுவில் எதுவும் வேண்டாம்

முதலில், தவறு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். தமிழில் ‘கம்பெனியில் சேர்ந்தேன்’, ‘அவளோடு சேர்ந்தேன்’ என்கிறோம். ‘இல்’, ‘ஓடு’ என்ற வேற்றுமை உருபு இல்லாமல் இந்தப் பொருளில் நம் ‘சேர்’ நிற்காது. அந்த உருபுக்கு ஈடாக ஆங்கிலத்தில் ஒரு சொல்லைப் போடத் தோன்றுவது இயல்பு. ‘இல்’லுக்கு ‘இன்’, ‘ஓடு’வுக்கு ‘வித்’ என்று கை தானாகப் போட்டுவிடும்.

ஆனால் ‘ஜாயின்’ அப்படி வேலை செய்யாது. ஒரு ஆளிடமோ அமைப்பிடமோ நாம் போய்ச் சேர்கிற பொருளில், அது அந்தப் பெயரை நேராகப் பிடித்துக்கொள்ளும்.

‘ஐ ஜாயின்டு தி பேங்க்.’
‘ஷி ஜாயின்டு தி ஆர்மி.’
‘மை பிரதர் வில் ஜாயின் அஸ்.’
‘ப்ளீஸ் ஜாயின் தி க்யூ.’

எதிலும் நடுவில் ‘இன்’, ‘வித்’, ‘டு’ எதுவும் இல்லை.

இதை மனதில் நிறுத்த ஒரு வழி சொல்கிறேன். பள்ளியில் படித்த இரண்டாம் வேற்றுமையை நினைத்துக்கொள். ‘ஐ’ உருபு. ‘சென்னையை அடைந்தான்’ என்கிறோமே, அங்கே ‘அடை’ என்ற வினை ‘ஐ’யைத்தான் கேட்கிறது. ‘ஜாயின்’ வரும்போது உள்ளுக்குள் ‘சேர்’ என்று நினைக்காதே, ‘அடை’ என்று நினை. ‘வங்கியை அடைந்தேன்’ என்று மனதில் ஓடவிட்டால் ‘இன்’ போடுகிற ஆசையே வராது.

நதிகளைப் பற்றிப் பேசும்போதும் இதே அமைப்புதான். பவானி ஆறு ஈரோடு மாவட்டத்தில் பவானி ஊரில் காவிரியோடு கலக்கிறது. ‘தி பவானி ஜாயின்ஸ் தி காவேரி அட் பவானி’ என்று எழுத வேண்டும். ‘காவேரி’க்கு முன்னால் எதுவும் வேண்டாம். ‘அட்’ வருவது ஊருக்காக.

நாடுகளுக்கும் அப்படியே. அன்றைய சிலோன் 1955-ல் ஐ.நா. சபையில் உறுப்பினரானது. ‘சிலோன் ஜாயின்டு தி யுனைடெட் நேஷன்ஸ் இன் 1955.’ இந்த வாக்கியத்தில் ‘இன்’ எதற்காக வந்தது என்று பார்த்துக்கொள். அது வருஷத்துக்கு உரியது, ஐ.நா.வுக்கு உரியதல்ல. அடுத்த டிப்ஸ் முழுக்க இதைப் பற்றித்தான்.

2. ‘இன்’ வந்தால், அது யாருடைய ‘இன்’ என்று கேள்

‘ஐ ஜாயின்டு இன் 2019’ சரியான வாக்கியம். ‘ஐ ஜாயின்டு இன் பேங்க்’ தவறு. இரண்டிலும் ‘இன்’ ஒரே இடத்தில்தான் நிற்கிறது. முதல் வாக்கியத்தில் அது காலத்தைக் காட்டுகிறது. இரண்டாவதில் நம் ‘இல்’ உருபு உள்ளே நுழைந்துவிட்டது.

ஆகவே ‘ஜாயின்’ பக்கத்தில் ‘இன்’ எழுதினால் ஒரு கணம் நிறுத்து. பின்னால் வருவது வருஷமா, மாதமா, நிமிஷமா என்று பார். ‘ஐ வில் ஜாயின் இன் ஃபைவ் மினிட்ஸ்’ சரி. அமைப்பும் வருஷமும் சேர்ந்து வந்தால் அமைப்பு முதலில் நேராக, பிறகு ‘இன்’னோடு வருஷம்: ‘ஐ ஜாயின்டு தி பேங்க் இன் 2019.’ பதவியும் சொல்ல வேண்டுமானால் ‘அஸ்’ போடு: ‘ஐ ஜாயின்டு தி பேங்க் அஸ் எ கிளார்க் இன் 2019.’ கிளையும் சொல்ல வேண்டுமானால் அதையும் நேராகவே சொல்லலாம்: ‘ஐ ஜாயின்டு தி கரூர் பிராஞ்ச்.’

காலம் அல்லாத ‘இன்’ சரியாக வருகிற இடமும் ஒன்று இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து ஏதாவது ஒரு செயலைச் செய்யும்போது நாமும் அதில் கலந்துகொள்கிறோம் அல்லவா, அங்கே ‘ஜாயின் இன்’ வரும். பாட்டு, விளையாட்டு, சிரிப்பு, பேச்சு, கொண்டாட்டம் இவற்றுக்கெல்லாம் இது பொருந்தும். ‘எவ்ரிபடி ஜாயின்டு இன் தி சிங்கிங்.’ அதாவது எல்லோரும் கூடச் சேர்ந்து பாடினார்கள். செயலின் பெயரை விட்டுவிட்டு ‘எவ்ரிபடி ஜாயின்டு இன்’ என்று மட்டும் சொன்னாலும் முழு வாக்கியமே.

சுருக்கமாக: அமைப்புக்குள் நுழைந்தால் வெறும் ‘ஜாயின்’, செயலில் கலந்துகொண்டால் ‘ஜாயின் இன்’. ஆன்லைன் மீட்டிங்குக்கு ‘ஐ வில் ஜாயின் தி மீட்டிங் அட் டென்’ என்பதே வழக்கு. திரையில் இருக்கும் பட்டனிலும் ‘ஜாயின்’ என்றுதானே இருக்கிறது!

3. கையால் பொருத்தினால் ‘டு’

ஜாயின் என்ற சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. மூலம் லத்தீன். இரண்டு மாடுகளை ஒரே நுகத்தில் பூட்டுவதையும் அந்த லத்தீன் வினை குறித்தது. யோகம் என்று நாம் சொல்லும் சொல்லும் அதே பழைய வேரிலிருந்து கிளைத்ததுதான். ரயில்பாதைகள் கூடும் இடத்துக்கு ஜங்ஷன் என்று பெயர் வந்ததும் இந்தக் குடும்பத்திலிருந்தே. ஆகவே இந்தச் சொல்லுக்குள் ‘இரண்டை இணைத்துப் பிடித்தல்’ என்ற வேலை ஆதியிலிருந்தே இருக்கிறது.

இங்கிலாந்தில் கதவு, ஜன்னல் போன்றவற்றுக்கு மரத்தை மரத்தோடு பொருத்திச் செய்கிறவருக்கு ‘ஜாயினர்’ என்று பெயர். வீட்டுக்கு மரச்சட்டம், கூரை போடும் தச்சர் ‘கார்பென்டர்’, இவர் ‘ஜாயினர்’. ஷேக்ஸ்பியரின் ‘எ மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ நாடகத்திலும் குவின்ஸ் என்ற கார்பென்டரும் ஸ்னக் என்ற ஜாயினரும் தனித்தனி ஆட்களாக வருகிறார்கள்.

இப்படி ஒரு பொருளை இன்னொரு பொருளோடு பொருத்தும்போது வாக்கியத்தில் இரண்டு பொருள்கள் இருக்கும். முதல் பொருள் நேராக வரும், இரண்டாவது பொருளுக்கு முன்னால் ‘டு’ வரும்.

‘ஜாயின் தி பைப் டு தி டாங்க்.’
‘தி பிரிட்ஜ் ஜாயின்ஸ் தி ஐலண்ட் டு தி மெயின்லேண்ட்.’

இரண்டுக்கும் சம இடம் கொடுத்தால் ‘டு’ வேண்டாம்: ‘ஜாயின் தி டூ பீசஸ் டுகெதர்’, ‘ஜாயின் ஏ அண்ட் பி’. இங்கே ‘டுகெதர்’ சேர்ப்பது தவறல்ல. கிறிஸ்தவத் திருமணச் சடங்கின் ஆங்கிலத்திலும் ‘ஜாயின் டுகெதர்’ நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது.

குரோஷே பின்னுகிற தங்கச்சிகளுக்கு ஒரு விஷயம். பேட்டர்னில் ‘ஜாயின் வித் எ ஸ்லிப் ஸ்டிச் டு தி ஃபர்ஸ்ட் ஸ்டிச்’ என்று பார்த்திருப்பீர்கள். இந்த ஒரு வரியில் ‘வித்’, ‘டு’ இரண்டும் இருக்கின்றன. ‘வித்’துக்குப் பின்னால் எதைக்கொண்டு இணைக்கிறோமோ அது வருகிறது. ‘டு’வுக்குப் பின்னால் எதோடு இணைக்கிறோமோ அது வருகிறது. ஸ்லிப் ஸ்டிச்சைக்கொண்டு, முதல் ஸ்டிச்சோடு இணை. பசை, ஆணி, நூல், வெல்டிங் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு.

ஐ.டி. படிக்கிறவர்களுக்கு எஸ்.க்யூ.எல். பழக்கம் இருக்கும். அங்கே ‘ஜாயின்’ எழுதியதும் டேபிளின் பெயர் உடனே வரும், பிறகு ‘ஆன்’ போட்டு எந்த நெடுவரிசை பொருந்த வேண்டும் என்று எழுதுவோம். ஆங்கிலத்தில் பேசும்போது ‘ஜாயின் தி ஆர்டர்ஸ் டேபிள் டு தி கஸ்டமர்ஸ் டேபிள் ஆன் கஸ்டமர் ஐ.டி.’ என்று சொன்னால் டீமில் எல்லோருக்கும் சட்டென்று புரியும்.

4. ‘வித்’துக்கு உரிய இடம் சின்னது, மரியாதையானது

‘அவளோடு சேர்ந்தேன்’ என்பதற்கு ‘ஐ ஜாயின்டு வித் ஹெர்’ என்று எழுதாதே. ‘ஐ ஜாயின்டு ஹெர்’ போதும். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், மனைவி அங்கே போய் அவரோடு வசிக்கத் தொடங்கினாள் என்றால் ‘ஷி ஜாயின்டு ஹெர் ஹஸ்பண்ட் இன் சிங்கப்பூர்’.

‘வித்’ சரியாக அமையும் இடங்கள் சிலவே. இரண்டு அமைப்புகள் ஒரு நோக்கத்துக்காகக் கைகோப்பது ஒன்று: ‘ஜாயின் ஹேண்ட்ஸ் வித்’, ‘ஜாயின் ஃபோர்சஸ் வித்’. இங்கே ‘ஜாயின்’ நேராகப் பிடித்துக்கொள்வது கைகளையும் படைகளையும். ‘வித்’ வருவது கூட்டாளிக்காக.

‘என்னோடு சேர்ந்து’ என்று அழைக்கும்போதும் ‘வித்’ தேவையில்லை. மேடையில் பேசுகிறவர்களுக்கு ‘ப்ளீஸ் ஜாயின் மி இன் வெல்கமிங் அவர் சீஃப் கெஸ்ட்’ என்ற வரி கட்டாயம் வேண்டும். ‘என்னோடு சேர்ந்து நீங்களும் வரவேற்க வாருங்கள்’ என்று பொருள். ‘ஜாயின் மி’ நேராக, பிறகு ‘இன்’, அதன்பின் ‘இங்’ சேர்ந்த செயல். கல்லூரி விழாவில் தொகுத்துப் பேச அழைத்தால் இந்த ஒரு வரியை நான்கைந்து தடவை வாய்விட்டுச் சொல்லிப் பழகிக்கொள். சாப்பாட்டுக்கோ காபிக்கோ அழைத்தால் ‘ஃபார்’: ‘வில் யூ ஜாயின் அஸ் ஃபார் லஞ்ச்?’

5. சேர்ந்தேன் வேறு, சேர்த்தேன் வேறு

தங்கச்சி, எல்லா டிப்ஸிலும் இதுதான் முக்கியமானது. இங்கே தவறினால் அர்த்தமே மாறிவிடும்.

தமிழில் ‘சேர்ந்தேன்’ என்றால் நானே சேர்ந்தேன். ‘சேர்த்தேன்’ என்றால் இன்னொருவரை அல்லது இன்னொன்றைச் சேர்த்தேன். ‘ந்’ என்பது ‘த்’ ஆக மாறினால் போதும், தன்வினை பிறவினையாகிவிடும். ஆங்கில ‘ஜாயின்’ ஆள் விஷயத்தில் அப்படி மாறாது. ‘ஜாயின்’ பின்னால் ஒரு ஆளின் பெயர் வந்தால் ‘அந்த ஆளிடம் நான் போய்ச் சேர்ந்தேன்’ என்றுதான் பொதுவாகப் பொருள்.

இதைப் பார். ‘என் பையனை ஸ்கூல்ல சேர்த்தேன்’ என்பதை ‘ஐ ஜாயின்டு மை சன் இன் ஸ்கூல்’ என்று எழுதினால், பையன் ஏற்கெனவே ஸ்கூலில் இருக்கிறான், அம்மாவும் அங்கே போய் அவனோடு சேர்ந்துகொண்டாள் என்று ஆகிவிடும். சரியான வாக்கியம் ‘ஐ என்ரோல்டு மை சன் இன் ஸ்கூல்’.

அடுத்தது இன்னும் கவனமாக இருக்க வேண்டிய இடம். ‘அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.’ மெடிக்கல் இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கு மெயில் எழுதும்போது ‘வி ஜாயின்டு மை ஃபாதர் இன் ஹாஸ்பிடல் ஆன் 5 மார்ச்’ என்று போட்டால், 5-ஆம் தேதி நீங்கள் அவரைப் போய்ப் பார்த்துக் கூட இருந்தீர்கள் என்றே படிக்கிறவர் எடுத்துக்கொள்வார். அவர் எப்போது அட்மிட் ஆனார் என்ற தேதியே கடிதத்தில் இல்லாமல் போய்விடும். எழுத வேண்டியது: ‘மை ஃபாதர் வாஸ் அட்மிட்டட் டு ஹாஸ்பிடல் ஆன் 5 மார்ச்.’ வீட்டில் எல்லோரும் பதறிக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுதுகிற மெயில் இது. அதனால் இந்த வரியை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்.

தினமும் நடப்பது ஒன்று: ‘என்னையும் குரூப்ல சேர்த்துடுங்க.’ இதை ‘ப்ளீஸ் ஜாயின் மி இன் தி குரூப்’ என்று அனுப்பினால், ‘நீங்களும் குரூப்புக்கு வந்து என்னோடு இருங்கள்’ என்று பொருள் வரும். ‘ப்ளீஸ் ஆட் மி டு தி குரூப்’ என்று அனுப்பு.

நம் ‘சேர்’ எவ்வளவு பெரிய சொல் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் இந்தக் குழப்பம் ஏன் வருகிறது என்று புரிந்துவிடும். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் எத்தனையோ வேலை செய்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி வினை உண்டு.

காபியில் சர்க்கரை சேர்: ஆட்.
கல்யாணத்துக்குப் பணம் சேர்: சேவ்.
ஊர் போய்ச் சேர்ந்தேன்: ரீச்.
கூட்டம் சேர்ந்தது: கேதர்.
அவர் தஞ்சாவூரைச் சேர்ந்தவர்: ஹி இஸ் ஃப்ரம் தஞ்சாவூர்.
எனக்குச் சேர வேண்டிய பணம்: தி மனி டியூ டு மி.
கத்தரிக்காய் எனக்குச் சேராது: பிரிஞ்ஜால் டஸன்ட் அக்ரீ வித் மி.

இந்தப் பட்டியலில் ‘ஜாயின்’ ஒரு இடத்தில்கூட இல்லை பார்த்தாயா? ‘சேர்’ என்று மனதில் வந்ததும் ‘ஜாயின்’ என்று எழுத ஓடாமல், எந்தச் ‘சேர்’ என்று ஒரு கணம் யோசி. பாதித் தவறு அங்கேயே நின்றுவிடும்.

6. சேர்வது ஒரு நாள், இருப்பது பல வருஷம்

ஒரு வேலையில் சேர்வது ஒரே நாளில் முடிந்துவிடும் காரியம். அந்த நாளைச் சொல்லும்போது சாதாரண இறந்தகாலமே போதும்: ‘ஐ ஜாயின்டு இன் 2019.’ வருஷத்தைச் சொல்லிவிட்டால் ‘ஐ ஹேவ் ஜாயின்டு’ வராது. ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஜாயின்டு’ வரும், இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன் என்று சொல்லும்போது.

‘அஞ்சு வருஷமா இங்கதான் இருக்கேன்’ என்று சொல்ல ‘ஜாயின்’ உதவாது. ‘ஐ ஆம் ஜாயின்டு ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்பதை அடியோடு விட்டுவிடு. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று சொல். எத்தனை வருஷம் என்றால் ‘ஃபார்’, எந்த வருஷத்திலிருந்து என்றால் ‘சின்ஸ்’.

இனிமேல் சேரப் போகிறாய், நாளும் முடிவாகிவிட்டது என்றால் ‘ஐ ஆம் ஜாயினிங் தி கம்பெனி ஆன் மண்டே’. விடுப்பு முடிந்து திரும்பச் சேர்ந்தால் ‘ரீஜாயின்’. அதில் ‘திரும்ப’ என்பது உள்ளேயே இருக்கிறது, ‘அகெய்ன்’ தேவையில்லை.

7. ‘லீவ்’வுக்கும் இதே குணம்தான்

வேலையை விட்டதைச் சொல்லும்போது ‘ஐ லெஃப்ட் ஃப்ரம் தி கம்பெனி’ என்று எழுதுகிறவர்கள் நிறைய. ‘கம்பெனியிலிருந்து விலகினேன்’ என்ற ‘இலிருந்து’தான் அங்கே ‘ஃப்ரம்’ ஆகிறது. ‘ஐ லெஃப்ட் தி கம்பெனி’ என்று நேராகச் சொல். பிரிட்டன் 1973 ஜனவரி 1-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது, 2020 ஜனவரி 31-ல் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியது. அந்தச் செய்திகளைப் பழைய பத்திரிகைகளில் தேடிப் படித்தால் ‘ஜாயின்டு’, ‘லெஃப்ட்’ இரண்டுக்கும் பின்னால் பெயர் நேராக நிற்பதைப் பார்க்கலாம்.

இதே போல நேராகப் பெயரைப் பிடிக்கிற வேறு சில வினைகளையும் ஒரு கொத்தாக மனப்பாடம் செய்துகொள்: ஜாயின், லீவ், ரீச், என்டர், மேரி, கான்டாக்ட், டிஸ்கஸ். ‘ரீச்டு டு சென்னை’ அல்ல, ‘ரீச்டு சென்னை’. ‘மேரீட் வித் ஹிம்’ அல்ல, ‘மேரீட் ஹிம்’. ‘டிஸ்கஸ் அபவுட் தி ப்ராப்ளம்’ அல்ல, ‘டிஸ்கஸ் தி ப்ராப்ளம்’. ஒன்றைப் பிடித்துக்கொண்டால் எல்லாம் தானாக வரும்.

8. ‘ஜாயின்’னுக்கு உறவான சொற்கள்: ஒவ்வொன்றுக்கும் தன் இடம்

அட்டாச்: மெயிலில் கோப்பு வைக்கும்போது. ‘ஐ ஹேவ் அட்டாச்டு மை ரெஸ்யூமே’ என்று முடித்துவிடலாம். எதோடு என்று சொல்ல வேண்டுமானால் ‘டு திஸ் மெயில்’. ‘இன் திஸ் மெயில்’, ‘வித் திஸ் மெயில்’ வேண்டாம். காகிதக் கடிதத்தோடு கவருக்குள் வைத்து அனுப்பினால் ‘என்க்ளோஸ்டு’.

கனெக்ட்: கருவி என்றால் ‘டு’, மனிதர் என்றால் பெரும்பாலும் ‘வித்’. ‘கனெக்ட் தி போன் டு தி வைஃபை.’ ‘ஐ வுட் லைக் டு கனெக்ட் வித் யூ.’

மெர்ஜ்: ஒன்று இன்னொன்றுக்குள் கரைந்து தன் பெயரை இழந்தால் ‘இன்டு’. 2020 ஏப்ரல் 1-ல் அலகாபாத் பேங்க், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் பேங்க்கோடு இணைக்கப்பட்டது. அலகாபாத் பேங்க் என்ற பெயர் போய்விட்டது. ஆகவே ‘அலகாபாத் பேங்க் வாஸ் மெர்ஜ்டு இன்டு இந்தியன் பேங்க்’ என்று எழுதலாம். ‘வித்’ என்றும் எழுதுவார்கள். ‘இன்டு’ போட்டால் எது எதற்குள் போனது என்பது தெளிவாகத் தெரியும்.

கம்பைன்: இரண்டைச் சேர்த்துப் புதிதாக ஒன்று உருவாக்கும்போது. ‘கம்பைன் தி ஃப்ளோர் வித் தி பட்டர்’, ‘கம்பைன் தி டூ ரிப்போர்ட்ஸ் இன்டு ஒன்’.

கிளப்: நம் ஊர் அலுவலகங்களில் ‘ரெண்டு பில்லையும் கிளப் பண்ணிடு’ என்போம். வருமான வரியிலும் ‘கிளப்பிங்’ என்ற சொல் புழங்குகிறது. இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டு கிளையன்டுக்கு எழுதும்போது மட்டும் ‘கம்பைன்’ என்று மாற்றிவிடு. அங்கே ‘கிளப்பிங்’ என்றால் இரவு விடுதிக்குப் போவது.

9. இங்கே சரி, அங்கே வேறு

நம் அரசு அலுவலகங்களில் ‘ஜாயின்டு டியூட்டி’, ‘ஜாயினிங் ரிப்போர்ட்’ என்பவை நிலைபெற்ற சொற்கள். இங்கே அவற்றைத் தயங்காமல் எழுது. வெளிநாட்டவர்களுக்கு எழுதினால் ‘ரிட்டர்ன்டு டு வொர்க்’ அல்லது ‘ஸ்டார்டட் வொர்க்’ என்று மாற்றிக்கொள். நாம் ‘டேட் ஆஃப் ஜாயினிங்’ என்பதை அமெரிக்க நிறுவனங்கள் ‘ஸ்டார்ட் டேட்’ என்கின்றன. நம் ‘ஜாயினிங் போனஸ்’ அங்கே ‘சைனிங் போனஸ்’. ஆஃபர் லெட்டரைப் படிக்கும்போது இது தெரிந்திருந்தால் குழம்பமாட்டாய்.

குடும்பத்தோடு வெளிநாடு போய் ஹோட்டல் ரூம் போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். ‘அட்ஜாயினிங் ரூம்ஸ்’ என்றால் பொதுவாகப் பக்கத்துப் பக்கத்து அறைகள். இரண்டுக்கும் நடுவில் உள்ளே கதவு வேண்டுமானால் ‘கனெக்டிங் ரூம்ஸ்’ என்று கேட்க வேண்டும். பிள்ளைகள் ஒரு அறையிலும் நீ ஒரு அறையிலும் படுக்கப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் பெரிய உதவி. நாம் ‘அட்டாச்டு பாத்ரூம்’ என்பதை அங்கே ‘பிரைவேட் பாத்ரூம்’ என்று கேள்.

10. ஒரு பத்தியைத் திருத்திப் பார்க்கலாம்

அறிமுகப் பத்தி ஒன்று இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்:

‘ஐ ஹேவ் ஜாயின்டு இன் எ பிரைவேட் ஸ்கூல் இன் 2018. ஐ லெஃப்ட் ஃப்ரம் தட் ஸ்கூல் இன் 2021. தென் ஐ ஜாயின்டு வித் எ பப்ளிஷர். ஐ ஆம் ஜாயின்டு தேர் சின்ஸ் த்ரீ இயர்ஸ். ஐ அட்டாச்டு மை ரெஸ்யூமே வித் திஸ் மெயில்.’

இப்போது ஒவ்வொரு வரியாகத் தொடுவோம். முதல் வரியில் 2018 என்று வருஷம் வந்துவிட்டது, ஆகவே ‘ஹேவ்’ போகட்டும். ஸ்கூலுக்கு முன்னால் உள்ள ‘இன்’னும் போகட்டும். வருஷத்தின் ‘இன்’ இருக்கட்டும். இரண்டாம் வரியில் ‘ஃப்ரம்’ போகட்டும். மூன்றாம் வரியில் ‘வித்’ போகட்டும். நான்காம் வரியில் சேர்ந்ததைச் சொல்லவில்லை, வேலையில் இருப்பதைச் சொல்கிறோம். வினையையே மாற்ற வேண்டும். ஐந்தாம் வரியில் ‘ஹேவ்’ வர வேண்டும், ‘வித்’துக்குப் பதில் ‘டு’.

‘ஐ ஜாயின்டு எ பிரைவேட் ஸ்கூல் இன் 2018 அண்ட் லெஃப்ட் இட் இன் 2021. ஐ தென் ஜாயின்டு எ பப்ளிஷர், வேர் ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஃபார் த்ரீ இயர்ஸ். ஐ ஹேவ் அட்டாச்டு மை ரெஸ்யூமே டு திஸ் மெயில்.’

பெரிய வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. சின்னச் சின்னச் சொற்களைத்தான் எடுத்தோம், மாற்றினோம். அதே ஆள், அதே அனுபவம். ஆனால் எழுதியவள் தெளிவானவள் என்று படிக்கிறவருக்கு இப்போது தெரிகிறது. உனக்கு உரிய மரியாதையை உன் வாக்கியமே வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இன்றே செய்ய வேண்டியது

உன் ரெஸ்யூமேயையும் கடைசியாக அனுப்பிய சில மெயில்களையும் திற. ‘ஜாயின்’ என்று தேடு. கிடைக்கிற ஒவ்வொரு இடத்திலும் மூன்று கேள்வி கேள்: பின்னால் வருவது ஆளா, அமைப்பா, பொருளா, செயலா? பக்கத்தில் ‘இன்’ இருந்தால் அது காலத்துக்கா, செயலுக்கா, நம் ‘இல்’லுக்கா? நான் சொல்ல நினைத்தது ‘சேர்ந்தேன்’னா, ‘சேர்த்தேன்’னா? பதிலுக்கு ஏற்றபடி திருத்திவிட்டு, அந்த வாக்கியங்களை வாய்விட்டுப் படி. கண்ணுக்குத் தெரிவதோடு நின்றால் இன்டர்வியூவில் பழைய பழக்கம்தான் வரும், நாக்குக்கும் பழக வேண்டும்.

வீட்டில் தம்பியோ தங்கையோ பிளஸ் டூ முடித்திருந்தால் அவர்களையும் கூட உட்கார வைத்துக்கொள். அவர்கள் கல்லூரியில் சேர்ந்து முதல் அறிமுகம் சொல்லும்போதே ‘ஐ ஜாயின்டு திஸ் காலேஜ்’ என்று நிமிர்ந்து சொல்லட்டும்.